செஸ் கம்ப்யூட்டரை மனிதரைப் போல ஆட வைப்பது எப்படி

செஸ் பழகுகிறவர்களுக்கு எங்கள் கொங்குப் பக்கத்தில் பெரிய குறை என்று பார்த்தால் எதிரே உட்கார ஆள் கிடைக்காததுதான். கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் இருப்பவர்களுக்கு வகுப்பு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையானால் எங்காவது ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டி நடக்கிறது, அவர்களுக்குச் சிரமம் இல்லை. அந்தியூர், காங்கேயம், தாராபுரம் பக்கம் உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களில் ஒரு பிள்ளை ஆர்வமாக ஆட ஆரம்பித்தால் சீக்கிரமே வீட்டிலும் தெருவிலும் இருக்கிற எல்லோரையும் ஜெயித்துவிடுகிறது, அதற்கு மேல் அப்பாவின் போனோடுதான் ஆடவேண்டும். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. முழு பலத்தில் வைத்தால் ஆட்டம் பாதி தூரம்கூடப் போவதில்லை. பலத்தைக் குறைத்து வைத்தால் கொஞ்ச நேரம் கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆடிவிட்டுத் திடீரென்று ராணியைத் தூக்கிக் கொடுக்கிறது. "சும்மாவே ராணியக் குடுத்துருச்சுங்ணா" என்று பிள்ளைகள் வந்து சொல்லும்போது ஜெயித்த சந்தோஷம் முகத்தில் பாதிகூட இருக்காது.

சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. பெற்றோர்களும் கேட்கிறார்கள், ஐம்பது வயதில் மறுபடி ஆட ஆரம்பித்தவர்களும் கேட்கிறார்கள். பதில் இருக்கிறது, காசும் செலவாகாது. ஆனால் எந்தப் பொத்தானை எங்கே நகர்த்துவது என்பதற்கு முன்னால், பலத்தைக் குறைக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் எத்தனை முறை மாற்றினாலும் அதே தொல்லைதான் வரும்.

பலம் குறையும்போது உள்ளே நடப்பது

இன்றைக்குப் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடுகிற செஸ் செயலிகளில் பலவற்றின் உள்ளே இருப்பது ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இயந்திரம், அதாவது மூவைக் கணக்குப் போட்டுச் சொல்கிற மென்பொருள். இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். 2024இல் உலக சாம்பியன் ஆன குகேஷ் உட்கார்ந்தாலும் அதன் முழு பலத்தை ஜெயிக்க முடியாது, அவ்வளவு வலு. அதைக் குறைக்க 'ஸ்கில் லெவல்' என்று ஒரு அமைப்பு உண்டு, 0 முதல் 20 வரை. 20 என்றால் முழு பலம்.

குறைத்து வைத்தால் அது என்ன செய்கிறது தெரியுமா? குறைந்த ஆழத்துக்கு மட்டும் யோசிக்கிறது, 0 என்று வைத்தால் ஒரே ஒரு படி. அப்படி யோசித்து, தனக்கு நல்லதாகத் தெரிகிற நான்கு மூவ்களை எடுத்துக்கொள்கிறது. அந்த நான்குக்கும் மதிப்பெண் இருக்கிறது அல்லவா, அதில் முதலாவதுக்கும் நான்காவதுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்கிவிட்டு, அதற்கு மேல் ஒரு குலுக்கல் போட்டு, விழுந்ததை ஆடிவிடுகிறது. 0இல் அந்தச் சுருக்கல் மிக அதிகம், ஒரு ராணி அளவு வித்தியாசமே ஒரு சிப்பாய் அளவுக்கும் கீழே போய்விடும். லெவல் ஏற ஏறச் சுருக்கல் குறைந்துகொண்டே வரும். இப்போது புரிந்திருக்கும். உங்கள் காய் அதன் ராணியைக் குறிவைத்து நிற்கும்போது ராணியை நகர்த்தும் மூவ் ஒன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மீதி மூன்றும் ராணியை விடுகிற மூவ்கள்தான். குலுக்கலில் அதில் ஒன்று விழுந்தால் ராணி போயிற்று. எந்தக் காரணமும் இல்லை, எதையும் அது கவனிக்காமல் விடவில்லை, சீட்டு அப்படி விழுந்திருக்கிறது.

மனிதர்கள் அப்படித் தப்பு செய்வதில்லை. ரேக்ளாவில் ஓடுகிற காளையைப் பத்தடிக்கு ஒருமுறை இடறிவிட்டால் அது ஏர் மாடாக ஆகிவிடாது, இடறுகிற ரேக்ளாக் காளையாகத்தான் இருக்கும்.

நம் ஆட்கள் தப்பு செய்வதற்கு ஒரு வழி உண்டு. குதிரை பின்னால் போகிற மூவைப் பார்க்க மாட்டார்கள், தூரத்து மூலையில் இருந்து பிஷப் அடிப்பதைப் பார்க்க மாட்டார்கள். ஒரு காய் இன்னொன்றைக் காப்பாற்றிக்கொண்டு இருந்ததை மறந்து அதை வேறு இடத்துக்கு ஓட்டிவிடுவார்கள். காய் கிடைக்கிறது என்றால் யோசிக்காமல் எடுப்பார்கள். தான் போட்ட திட்டத்திலேயே மூழ்கி எதிராளி கடைசியாக என்ன ஆடினார் என்று பார்க்காமல் விடுவார்கள். இந்தத் தப்புகளைத் தண்டிக்கத்தான் நாம் பழக வேண்டும், ஏனென்றால் போட்டியில் எதிரே உட்காரப்போவது இவர்கள்தான். குலுக்கலில் விழுந்த ராணியை எடுத்து எடுத்து ஜெயித்துப் பழகிய பிள்ளை, ராணி தானாக வரும் என்று காத்திருக்கப் பழகிவிடுகிறது. இதுதான் எனக்கு இருக்கிற கவலை.

ஒரு உதாரணம் சொன்னால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த தொடக்கம்தான். வெள்ளை ஈ4, கருப்பு ஈ5 (எழுத்து கட்டத்தின் நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை). குதிரை எஃப்3, குதிரை சி6. பிஷப் சி4, குதிரை எஃப்6. இப்போது வெள்ளைக் குதிரை ஜி5க்குத் தாவி எஃப்7ஐக் குறிவைக்கிறது. கருப்பு டி5 என்று சிப்பாயைத் தள்ளுகிறது, வெள்ளை அதை வெட்டுகிறது. இந்த இடத்தில் புதிதாக ஆடுகிற பிள்ளை பெரும்பாலும் குதிரையால் டி5 சிப்பாயைத் திருப்பி வெட்டும், வெட்டத்தானே தோன்றும். அப்படி வெட்டினால் வெள்ளை எஃப்7இல் குதிரையைப் பலி கொடுக்கலாம், ராஜா அதை எடுத்ததும் ராணி எஃப்3க்கு வந்து செக் கொடுத்து டி5 குதிரையையும் சேர்த்துப் பிடிக்கும், ராஜா அந்தக் குதிரையைக் காப்பாற்ற ஈ6க்கு வந்து நடுப்பலகையில் நிற்க வேண்டும். அங்கிருந்து அந்த ராஜாவை எப்படி மாட்டுவது என்பதில்தான் பாடம் இருக்கிறது. பலம் குறைத்த ஸ்டாக்ஃபிஷ் இந்த இடத்தில் பலமுறை குதிரையை ஏ5க்குக் கொண்டுபோய் மிகச் சரியான மூவை ஆடிவிடும், அப்புறம் நான்கு மூவ் கழித்து வேறெங்கோ ஒரு காயைச் சும்மா விடும். பிள்ளை ஜெயிக்கும், ஆனால் பழக வேண்டியது எதையும் பழகியிருக்காது.

ஆழத்தை மட்டும் குறைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். 'டெப்த்' என்று இருக்கும் இடத்தில் 1 அல்லது 2 என்று வைத்து, ஸ்கில் லெவலை 20இலேயே விட்டுவிடுவது. இதில் குலுக்கல் இல்லை என்பது நல்ல விஷயம்தான். ஆனால் இந்த இயந்திரம் ஒரு படி யோசித்தாலும் அந்தப் படிக்குப் பிறகு வெட்டு குத்து எல்லாம் முடிகிற வரைக்கும் கணக்குப் பார்த்துவிடும், அதனால் காயைச் சும்மா விடாது. அதோடு 2020இல் ஸ்டாக்ஃபிஷ் 12 வந்ததில் இருந்து நிலையை மதிப்பிடுவதற்கு உள்ளே ஒரு நரம்பு வலைப்பின்னல் (நியூரல் நெட்வொர்க்) இருக்கிறது, பார்த்தவுடனேயே எந்தக் காய் எங்கே இருந்தால் நல்லது என்று அதற்குத் தெரியும். ஆகவே டெப்த் 1 என்பது பேருக்குத்தான் சின்னது. கொஞ்சம் தேறியவர்களுக்கு அது நல்ல எதிராளி, ஆரம்பநிலைப் பிள்ளைக்குச் சுவரில் முட்டுகிற மாதிரி.

ஈலோ எண்ணை, அதாவது ஆடுகிறவரின் பலத்தைக் காட்டும் எண்ணை, வைத்துக் குறைக்கும் வழியும் உண்டு. பலத்தைக் கட்டுப்படுத்து என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும், அதை டிக் செய்தால் பக்கத்தில் ஈலோ எண் கொடுக்கலாம். ஸ்டாக்ஃபிஷ் 16 முதல் அது 1320இல் ஆரம்பித்து 3190 வரை போகிறது. கவனிக்க வேண்டியது, இந்த டிக் போட்டுவிட்டால் ஸ்கில் லெவலில் நீங்கள் வைத்த எண் செல்லாது, இதுதான் மேலே நிற்கும். உள்ளே நடப்பது அதே குலுக்கல்தான், எண்ணுக்கு வேறு பெயர், அவ்வளவுதான். அந்த 1320ம் இயந்திரங்கள் ஒன்றோடொன்று ஆடி வந்த பட்டியலை வைத்துப் பொருத்தியது, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே கொடுக்கும் ரேட்டிங் அல்ல. ஃபிடேயில் 2024 மார்ச்சில் இருந்து குறைந்தபட்ச ரேட்டிங்கே 1400தான், ஆகவே இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'என் பையன் 1320ஐ ஜெயிச்சுட்டானுங்க, ரேட்டிங் வந்துருமுங்களா' என்று கணக்குப் போடுவதில் அர்த்தமில்லை.

மையா

மனிதரைப் போல ஆட வேண்டும் என்றே செய்தது ஒன்று இருக்கிறது, பெயர் மையா. டொரான்டோ பல்கலைக்கழகம், கார்னெல் பல்கலைக்கழகம், மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவு மூன்றிலும் இருக்கிற ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து 2020இல் வெளியிட்டார்கள். இவர்கள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லோரும் சிறந்த மூவைக் கண்டுபிடிக்க இயந்திரத்தைப் பழக்கியபோது, இவர்கள் இந்த நிலையில் ஒரு மனிதர் என்ன ஆடியிருப்பார் என்று கண்டுபிடிக்கப் பழக்கினார்கள். இணையத்தில் செஸ் ஆடுகிற லிசெஸ் தளத்தில் சாதாரண மனிதர்கள் ஆடிய ஆட்டங்கள்தான் பாடப்புத்தகம். 1100 ரேட்டிங் ஆட்களின் ஆட்டங்கள் தனி, 1200 தனி, இப்படி 1900 வரை மொத்தம் 9 மையா; ஒவ்வொன்றுக்கும் 1.2 கோடி ஆட்டங்கள். நாம் ஆடப்போகும் மூவை இது பாதிக்குச் சற்று மேல் தடவைகளில் சரியாகச் சொல்கிறது. மீதித் தடவைகளில் சொல்வதும் நாம் யோசித்துப் பார்க்கக்கூடிய மூவாகத்தான் இருக்கும்.

மேலே சொன்ன நிலையில் மையா 1100ஐ உட்கார வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பிள்ளைகள் வெட்டுகிற மாதிரியே டி5இல் வெட்டும் இயல்பு அதற்கு உண்டு. தோற்கும்போதும் காரணத்தோடு தோற்கும். 'ஏன் இப்படி ஆடினான்' என்று கேட்டால் பதில் சொல்ல முடியும்: இந்தச் சிப்பாயைப் பார்த்தான், பின்னால் இருந்த பிஷப்பைப் பார்க்கவில்லை.

போனில் ஆட இதுதான் சுலபமான வழி. லிசெஸில் ஒரு கணக்கு திறந்துகொள்ளுங்கள், இலவசம், விளம்பரமும் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. தேடும் இடத்தில் மையா என்ற பெயரை ஆங்கிலத்தில் அடித்து, பக்கத்தில் இடைவெளி விடாமல் 1, 5 அல்லது 9 என்று சேர்த்துத் தேடினால் மூன்று பாட்கள், அதாவது ஆளுக்குப் பதில் இயந்திரம் ஆடுகிற கணக்குகள், கிடைக்கும். 1 என்பது 1100, 5 என்பது 1500, 9 என்பது 1900. அதன் பக்கத்தைத் திறந்து வாள் மாதிரி இருக்கும் அடையாளத்தைத் தொட்டுச் சவால் அனுப்புங்கள், நேரம் தேர்ந்தெடுங்கள், 'கேஷுவல்' என்று வையுங்கள், ரேட்டிங் கணக்கில் சேராது. எதற்குப் பிள்ளையின் ரேட்டிங்கைப் பாட்டோடு ஆடிக் குழப்ப வேண்டும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். மையா 1100 என்ற பெயரைப் பார்த்து இது 1100 ஆள் மாதிரி இருக்கும் என்று நினைத்து உட்காராதீர்கள், அதைவிட வலுவாகவே ஆடும். காரணம் இருக்கிறது. 1100 ரேட்டிங் ஆள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் தப்பு செய்கிறார், மையா எடுப்பதோ அவர்களில் அதிகம் பேர் ஆடுகிற மூவை. ஊரே கூடிக் கையைத் தூக்கி முடிவு செய்கிற மூவில் தனி ஆளின் அசட்டுத் தப்புகள் அடிபட்டுப் போகும். இன்னொன்று, பழக்கும்போது புல்லட் எனப்படும் அதிவேக ஆட்டங்களையும் கடிகாரத்தில் நேரம் தீரப்போகும் சமயத்து மூவ்களையும் ஒதுக்கிவிட்டார்கள். அதனால் நேரம் போய்விட்டது என்று பதறித் தப்பு செய்கிற குணம் அதனிடம் இல்லை. ஆகவே அப்பா போனில் இரண்டு மாதமாக ஆடுகிற பிள்ளைக்கு மையா 1ஏகூட அதிகம்தான். அந்தப் பிள்ளைக்கு என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் வைப்பது

வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் லூகாஸ் செஸ் என்ற இலவசச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸில் நன்றாக ஓடும், இணையம் இல்லாமலும் ஆடலாம், மழைக்காலத்தில் டவர் போய்விடுகிற ஊர்க்காரர்களுக்கு அது பெரிய வசதி. மிகப் பலவீனமானதில் ஆரம்பித்து ஸ்டாக்ஃபிஷ் வரைக்கும் நிறைய இயந்திரங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன, மையாவும் உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் தேட வேண்டாம். எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் மையா 1100 என்பதைத் தொட்டால் போதும்.

வேறு செயலி பழகியிருந்தால், ஏரினா மாதிரி, அதிலும் வைக்கலாம், கொஞ்சம் வேலை அதிகம். முதலில் லீலா செஸ் ஜீரோ என்ற இயந்திரத்தை இறக்க வேண்டும். அப்புறம் மையாவின் ஃபைலை, எந்த ரேட்டிங் வேண்டுமோ அதை, தனியாக இறக்கி லீலாவின் ஃபோல்டரிலேயே போட வேண்டும். செயலியில் லீலாவைப் புது இயந்திரமாகச் சேர்த்து, அதன் அமைப்புகளைத் திறந்து, 'வெய்ட்ஸ் ஃபைல்' என்ற இடத்தில் அந்த மையா ஃபைலைக் காட்ட வேண்டும். இதுவரை எல்லோரும் சரியாகச் செய்துவிடுவார்கள். அடுத்ததில்தான் கோட்டை விடுகிறார்கள். ஆட்டத்தின் நேர அமைப்பில் 'நோட்ஸ்' (எத்தனை நிலைகளை ஆராயலாம் என்ற கணக்கு) என்று ஒரு வகை இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்து 1 என்று வைக்க வேண்டும். ஏன் என்றால் மையா பார்த்தவுடன் தோன்றுகிற மூவைச் சொல்லப் பழகியது. நிமிடக் கணக்கில் நேரம் கொடுத்துவிட்டால் லீலா அந்தத் தோன்றலை வைத்துக்கொண்டு மேலே மேலே தேட ஆரம்பித்துவிடும், பலம் தாறுமாறாக ஏறிவிடும், மனித குணமும் போய்விடும். 'மையா போட்டேனுங்க, அதுவும் அடி வெளுக்குதுங்க' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்த நோட்ஸைத்தான்.

நோட்ஸ் 1இல் இருக்கும்போது அதே நிலைக்கு அதே பதில்தான் வரும். இரண்டு நாளில் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து, ஜெயித்த ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடிக் காட்டுவார்கள், சாமர்த்தியத்துக்குக் குறைச்சலில்லை. அதைத் தடுக்கத் தொடக்கப் புத்தகம் (தொடக்க மூவ்களின் தொகுப்பு) ஒன்றைச் செயலியில் இணைத்து முதல் ஐந்தாறு மூவ் வரைக்கும் மட்டும் அதிலிருந்து எடுக்கும்படி வைத்தால் ஆட்டம் ஒவ்வொரு முறையும் வேறு பாதையில் போகும். அதற்கு மேல் நீளமான புத்தகம் வேண்டாம், பதினைந்து மூவ் மனப்பாடமாக ஆடுகிற எதிராளி நம் மட்டத்தில் இருப்பதில்லை.

ஸ்டாக்ஃபிஷையே வைத்துக்கொண்டு ஆடவேண்டிய நிலை இருந்தால், சில போன்களில் வேறு வழி இல்லை, டிராய்ட்ஃபிஷ் மாதிரி செயலிகளில் இயந்திரத்தின் அமைப்புகளைத் திறந்து மாற்றலாம். ஸ்கில் லெவலை 0க்கும் 3க்கும் நடுவில் வைப்பதைத் தவிர்த்து கொஞ்சம் மேலே, 5 அல்லது 6இல், வைத்து ஆட்டத்தில் உங்களுக்கு ஒரு குதிரையோ யானையோ அதிகமாக இருக்கும்படி ஆரம்பியுங்கள் என்பது என் யோசனை. குலுக்கல் குறைகிறது, அதனால் ஆட்டம் ஒரே சீராக இருக்கிறது, எதிராளிக்குக் காய் குறைவு என்பதால் நமக்கும் வாய்ப்பு இருக்கிறது. காய் அதிகமாக இருக்கும்போது அதைக் காப்பாற்றிக்கொண்டு ஆட்டத்தை முடிவு வரை கொண்டுபோவதே தனிப் பாடம், போட்டிகளில் நம் பிள்ளைகள் கோட்டை விடுவது அங்கேதான் அதிகம். பாண்டரிங், அதாவது நம் நேரத்தில் அது யோசிப்பது, அணைத்துவிடுங்கள். கடைசிக்கட்ட டேபிள்பேஸ் (காய்கள் குறைந்த நிலைகளுக்கு முன்பே கணக்கிட்டு வைத்த விடைகள்) இணைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பலத்தை நேரத்தை வைத்துக் குறைக்காதீர்கள், ஒரு வினாடி என்று வைத்தால் பழைய லேப்டாப்பில் ஒரு பலம், புதுப் போனில் வேறு பலம், நேற்று ஜெயித்த லெவலில் இன்றைக்குத் தோற்பீர்கள். ஆழமோ நோட்ஸோ வைத்தால் எந்த இயந்திரத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்.

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு

காய் எப்படிப் போகும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு லிசெஸில் கம்ப்யூட்டரோடு ஆடு என்பதில் 1 முதல் 8 வரை இருக்கும் நிலைகளில் முதல் இரண்டு போதும். அதுவும் ஸ்டாக்ஃபிஷ் குடும்பம்தான், காரணமில்லாமல் காயைக் கொடுக்கும்தான், இருந்தாலும் சும்மா நிற்கிற காயைப் பார்த்து எடுக்கப் பழகுகிற வயதில் அது பரவாயில்லை. அந்தப் பழக்கம் வந்ததும் அங்கிருந்து வெளியே கொண்டுவந்துவிடுங்கள், 3, 4 என்று ஏறிக்கொண்டே போவதால் பெரிய பலன் இல்லை. அங்கே நிற்காமல் மையா 1க்குக் கொண்டுபோய், அதனிடமிருந்து ஒரு யானையை எடுத்துவிட்டு ஆடச் சொல்லுங்கள். லிசெஸில் பலகையை நாமே அடுக்கும் வசதி இருக்கிறது, ஏ1 யானையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அந்த நிலையில் இருந்து சவால் அனுப்பலாம். பாட் அதை ஏற்காவிட்டால் லூகாஸ் செஸில் அதே நிலையை அடுக்கிக்கொள்ளுங்கள். யானை போய்க் குதிரை, குதிரை போய் இரண்டு சிப்பாய், அப்புறம் சமம் என்று படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வரலாம்.

அதேபோல நான்கு மூவ் மேட்டுக்குப் பயப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ராணியும் பிஷப்பும் எஃப்7ஐக் குறிவைத்து வருமே, அது. முதல் போட்டிக்குப் போய்வந்த பிள்ளைகளில் அதில் மாட்டாதவர்கள் குறைவு. வெள்ளை பிஷப் சி4இலும் ராணி எச்5இலும் நிற்கிற நிலையை அடுக்கி, கருப்பைப் பிள்ளைக்குக் கொடுத்து, மையாவை வெள்ளையாக ஆட வையுங்கள். பிள்ளை ஜி6 என்று சிப்பாயைத் தள்ளி ராணியை விரட்டியதும் மையா ராணியை எஃப்3க்குக் கொண்டுபோய் மறுபடியும் அதே எஃப்7ஐக் குறிவைக்கப் பார்க்கும், போட்டியில் எதிராளிப் பிள்ளை செய்கிற அதே வேலை. கருப்புக் குதிரை எஃப்6க்கு வந்தால் அடைத்தாயிற்று. அந்த நிலையில் முழு பல ஸ்டாக்ஃபிஷை வைத்திருந்தால் அது திட்டத்தைக் கைவிட்டுவிட்டு வேறு நல்ல மூவ்களை ஆடவும் கூடும், அப்போது பிள்ளைக்கு அந்த மிரட்டல் திரும்ப வந்தால் என்ன செய்வது என்று தெரியாமலே போகும்.

முழு பலம் வேண்டிய இடம்

எல்லா நேரமும் பலத்தைக் குறைக்கக்கூடாது. ஆட்டத்தின் கடைசிக்கட்டத்தைப் பழகும்போது எதிராளி முழு பலத்தில்தான் இருக்கவேண்டும், இதில் நான் கொஞ்சம் பிடிவாதம். ராணியும் ராஜாவும் வைத்துத் தனி ராஜாவை மேட் செய்வது, யானையும் ராஜாவும் வைத்து மேட் செய்வது, இதெல்லாம் எதிராளி கடைசி வரைக்கும் தப்பிக்கப் பார்த்தால்தான் கைக்கு வரும். மையா இங்கே சரிப்படாது, தேடுதல் இல்லாததால் கடைசிக்கட்டத்தில் தடுமாறும், ஜெயிக்கிற பக்கம் அது இருந்தால் ஆட்டத்தை முடிக்கத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வரவும் வாய்ப்பு உண்டு.

ஒரு நிலை சொல்கிறேன், இன்றைக்குப் பொழுதோட வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா ஈ6, வெள்ளை சிப்பாய் ஈ5, கருப்பு ராஜா ஈ8. வேறு காய் எதுவும் இல்லை. யார் முதலில் ஆடினாலும் வெள்ளை ஜெயிக்கும். ராஜா சிப்பாய்க்கு முன்னால் ஆறாவது வரிசையில் நிற்பதுதான் காரணம். முழு பல ஸ்டாக்ஃபிஷைக் கருப்பாக வைத்து, வெள்ளை முதலில் ஆடி ஒருமுறை, கருப்பு முதலில் ஆடி ஒருமுறை. கருப்பு ராஜா டி8க்குப் போனால் வெள்ளை ராஜா எஃப்7க்கு, எஃப்8க்குப் போனால் டி7க்கு, சிப்பாய்க்கு வழி கிடைத்துவிட்டது. வெள்ளை முதலில் ஆடும்போது அவசரப்பட்டுச் சிப்பாயைத் தள்ள முடியாது, முன்னால் ராஜா நிற்கிறது. டி6க்கோ எஃப்6க்கோ ராஜாவை ஒதுக்கி ஆடவேண்டும். ஒரு தப்பு செய்தாலும் ஸ்டாக்ஃபிஷ் டிரா செய்துவிடும், அப்போதுதான் எந்த மூவில் விட்டோம் என்று பிள்ளைக்குத் தெரியும்.

அளவு சரியா என்று பார்ப்பது

பத்து ஆட்டம் ஆடினால் மூன்றுக்கும் குறைவாக ஜெயித்தால் எதிராளி அதிகம், ஏழுக்கு மேல் ஜெயித்தால் குறைவு. நடுவில் இருந்தால் அப்படியே விடுங்கள். இது என் அளவுகோல்தான், வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம், சீக்கிரம் மனம் உடைகிற பிள்ளைக்குக் கொஞ்சம் தாராளமாக வைத்தால் தப்பில்லை. எண்ணிக்கையை விட எனக்கு முக்கியமாகப் படுவது எப்படி ஜெயித்தார்கள் என்பது. ஆட்டம் முடிந்ததும் எதிராளி காயை விட்ட இடத்துக்குத் திரும்பிப் போய் 'அவன் எதைப் பார்க்காம விட்டான்' என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் வந்தால் எதிராளி சரியான ஆள். பலகையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு இருந்தால், நீங்களும் பார்த்து ஒன்றும் புரியாவிட்டால், அது குலுக்கல் மூவ், அமைப்பை மாற்றுங்கள்.

கடிகாரத்தை மறக்காதீர்கள். இயந்திரம் கண் இமைப்பதற்குள் ஆடிவிடுவதால் பிள்ளைகளும் அதே வேகத்தில் ஆட ஆரம்பித்துவிடுகிறார்கள், போட்டியில் அரைமணி நேரம் மிச்சம் வைத்துக்கொண்டு தோற்றுவிட்டு வெளியே வருகிற பிள்ளைகளை ஒவ்வொரு ஞாயிறும் பள்ளிக்கூட வராண்டாவில் பார்க்கலாம். லூகாஸ் செஸில் இயந்திரம் மனிதரைப் போல நேரம் எடுத்து ஆடும்படி வைக்க முடியும், அதைப் போடுங்கள். போனில் ஆடினால் 15 நிமிடமும் மூவுக்கு 10 வினாடி கூடுதலும் என்று வைத்து, மூவை எழுதிய பிறகுதான் ஆடவேண்டும் என்று ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். மூவைத் திரும்ப எடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஆடும்போது பக்கத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று மதிப்புக் கோடு ஏறி இறங்கிக் காட்டும் இல்லையா, அதையும் அணையுங்கள், அது இருந்தால் பிள்ளை பலகையைப் பார்க்காது, கோட்டைத்தான் பார்க்கும்.

போட்டிக்கு முந்தைய வாரத்தில் மட்டும் நான் அமைப்பைக் கொஞ்சம் மாற்றுவேன். மையாவில் வழக்கமாக ஆடுவதைவிட ஒரு படி கீழே இறக்கி, தினமும் ஒரே ஒரு முழு ஆட்டம், கறுப்புக் காய் ஒரு நாள், வெள்ளைக் காய் ஒரு நாள். கூடவே மேலே சொன்ன ராஜா சிப்பாய் நிலை மாதிரி ஒன்றிரண்டை முழு பலத்தில் வைத்து ஐந்து நிமிடம். முந்தைய நாள் ராத்திரி போனை வாங்கி வைத்துவிடுங்கள்.